மறுநாளே வலியை நிறுத்திய ‘பி.ஆர்.பி.’ ஊசியா? முதலில் சுகரைப் பாருங்கள்

பி.ஆர்.பி. என்பது நம் ரத்தத்தையே எடுத்து, பிளேட்லெட் (தட்டணு) நிறைந்த பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, மட்டும் பிரித்து மூட்டில் போடும் ஊசி. சில கிளினிக்குகளில் முழங்கால் தேய்மானத்துக்கு ‘பி.ஆர்.பி. பேக்கேஜ்’ என்று மூன்று ஊசிக்கும் சேர்த்து முன்பணம் வாங்குகிறார்கள். ஒரு சின்ன ட்யூபில் ரத்தம் எடுத்து உள்ளே கொண்டுபோகிறார்கள். சற்று நேரத்தில் சிரிஞ்ச் வருகிறது. மறுநாள் வலி போன இடம் தெரியாது. சர்க்கரை உள்ளவருக்கு மட்டும் சில நாள் சுகர் தாறுமாறாக ஏறும். ஒன்றிரண்டு மாதத்தில் பழைய வலி திரும்பும். ‘அடுத்த ஊசியில் சரியாகிடும்மா’ என்பார்கள்.

பி.ஆர்.பி. இப்படி வேலை செய்யாது. போட்ட முதல் இரண்டு மூன்று நாள் பெரும்பாலும் வலி கூடத்தான் செய்யும். குறைந்தால் வாரக்கணக்கில் மெல்லக் குறையும். ஒரே இரவில் வலி போய் சுகரும் ஏறினால், உள்ளே போனது ஸ்டீராய்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு கெட்ட மருந்தல்ல. வீங்கிய மூட்டுக்குச் சில வாரம் நிம்மதி தரும், விலையும் குறைவு. சொல்லாமல் போட்டு, பி.ஆர்.பி. விலை வாங்குவதுதான் மோசடி. 2017-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டை 40 மி.கி. வீதம் 12 வாரத்துக்கு ஒருமுறை 2 ஆண்டு போட்டவர்களுக்கு, வெறும் உப்புநீர் போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகம் தேய்ந்தது, வலியில் வித்தியாசமில்லை. மூட்டு மாற்று அறுவைக்கு முந்தைய 3 மாதத்தில் போட்டால் கிருமித் தொற்று அபாயமும் கூடும். என்ன போட்டார்கள் என்றே தெரியாதவர் இதை அறுவை டாக்டரிடம் எப்படிச் சொல்வார்?

ரத்தத்தில் பிளாஸ்மா பாதிக்குச் சற்று மேல்தான். 5 மி.லி. எடுத்து 5 மி.லி. ஊசி போட்டால் கணக்கு உதைக்கிறது. முழங்காலுக்கு வழக்கமாக 15 முதல் 60 மி.லி. எடுப்பார்கள். உறையாமலிருக்க சிட்ரேட் சேர்த்து, உங்கள் பெயர் ஒட்டி, கண்ணெதிரே சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றி ரத்தத்தைப் பிரிக்கும் கருவி) சுற்றச் சொல்லுங்கள். வருவது வைக்கோல் மஞ்சளாகவோ லேசான சிவப்பாகவோ இருக்கும். பால்போல வெள்ளையாகக் கலங்கியிருந்தால் கேள்வி கேளுங்கள், ட்ரையாம்சினோலோன் அப்படித்தான் இருக்கும். டெக்சாமெத்தசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு தெளிவாக இருப்பதால் கண்ணுக்குச் சிக்காது.

நிஜ பி.ஆர்.பி.க்கே உத்தரவாதம் கிடையாது. 2021-இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் செய்த ஆய்வில், 12 மாதம் கழித்து உப்புநீருக்கும் அதற்கும் வலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை.

ஜவ்வு வலிக்குப் போடும் புரோலோதெரபி ஊசி பெரும்பாலும் டெக்ஸ்ட்ரோஸ்தான், அதாவது குளுக்கோஸ் கரைசல்: 25% கரைசலோடு சம அளவு மரப்பு மருந்து சேர்த்தால் 12.5%. மருந்துச் செலவு சொற்பம். அதையே ‘ஸ்டெம் செல்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பில்லில் ‘புரொசீஜர்’ என்று மட்டும் போட்டிருந்தால் ஏற்காதீர்கள். மருந்தின் பெயர், அளவு, பேட்ச் எண் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் மருத்துவப் பதிவுகளை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு.

ஊசிக்குப் பிறகு காய்ச்சலோடு மூட்டு சிவந்து சூடாகி, மடக்கவே முடியாமல் போனால், ‘ரியாக்‌ஷன்தான், ஐஸ் வைங்க’ என்று போனில் சொல்வதைக் கேட்டு உட்காராதீர்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போய் மூட்டு நீரை எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.