அயர்லாந்தில் வாடகைக் கார் எடுக்கிறீர்களா? ‘ஃபுல் கவர்’ என்பதில் டயர் கிடையாது

டிங்கிள் தீபகற்பம் பக்கம் போகும் எண்ணம் இருந்தால், கார் புக் செய்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் ஸ்லே ஹெட் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் டயர் கிழிந்தது. கார் வாடகை போக 632 யூரோ செலவு. அதில் 237 யூரோ போனது போனதுதான்.

கோளாறு விமான நிலையக் கவுண்டரிலேயே ஆரம்பித்துவிட்டது. நான் இணையத்தில் புக் செய்தது இருப்பதிலேயே சின்ன கார். நான்தான் ஓட்டப்போகிறேன், அங்கேயும் நம்மைப் போல இடதுபக்கம்தான் என்பதால் கியர் வண்டியே போதும் என்று இருந்தேன். எக்ஸஸ் தொகைக்கான தனி பாலிசியையும் 38 யூரோவுக்கு ஊரிலிருந்தே எடுத்திருந்தேன். எக்ஸஸ் என்றால், வண்டிக்கு என்ன சேதம் வந்தாலும் முதலில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு. அந்தப் பங்கை நாம் கட்டிவிட்டு ரசீது அனுப்பினால், இந்தத் தனி பாலிசிக்காரர்கள் திருப்பித் தருவார்கள்.

கவுண்டரில் இருந்த பையன் அந்தக் காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “இது இங்கே செல்லாது மேடம். எங்களிடம் இன்சூரன்ஸ் கவர் எடுங்கள், இல்லையென்றால் டெபாசிட்டாக உங்கள் கார்டில் 2,500 யூரோ பிளாக் செய்ய வேண்டும்” என்றான். நம் பணத்துக்கு இரண்டேகால் லட்சத்துக்கும் மேல். என் கார்டு லிமிட்டில் அது போனால் மீதிப் பயணத்துக்கு மிஞ்சுவது காபிக் காசு. பின்னால் நீளமாக வரிசை, பத்து மணிநேரத்துக்கு மேல் தூங்காத உடம்பு, மகன் வேறு பசி என்று அழுகிறான். நாளைக்கு 32 யூரோ, ஆறு நாளைக்கு 192. “ஃபுல் கவர்தானே?” என்று கேட்டேன். “ஃபுல் கவர்” என்றான். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

‘இங்கே செல்லாது’ என்று அவன் சொன்னது அரை உண்மை. அந்த பாலிசியைக் காட்டி டெபாசிட்டைத் தவிர்க்க முடியாது, அது சரி. ஆனால் பிளாக்கைத் தாங்கும் கிரெடிட் கார்டு கையில் இருந்தால், கவுண்டர் கவரை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பாலிசி பாட்டுக்கு அது வேலை செய்யும். இதை நான் வீட்டுக்கு வந்தபிறகுதான் புரிந்துகொண்டேன். பணம் கட்டும்போது “ரூபாயிலேயே போட்டுவிடட்டுமா?” என்று மெஷின் கேட்டதற்கும் ஆமாம் என்று அழுத்திவைத்தேன். யூரோவிலேயே போடச் சொல்லுங்கள். ரூபாயில் போட்டால் அவர்கள் வைப்பதுதான் விலை.

அப்புறம் அந்த இலவச அப்கிரேடு. சின்ன வண்டி இல்லையாம், அதே வாடகைக்கு எஸ்யூவி தருகிறார்களாம். “ஏம்மா, ரோடு குறுகலா இருக்கும்னு நீதானே சொன்னே, சின்னதே கேளேன்” என்று அத்தை இரண்டு தடவை சொன்னார். ஓசியில் பெரிய வண்டி கிடைக்கும்போது யார் கேட்பார்கள்?

டிங்கிளிலிருந்து கிளம்பி மறுபடி டிங்கிளுக்கே வந்து சேரும் ஸ்லே ஹெட் சுற்று மொத்தமே 47 கிலோமீட்டர்தான். சாலை எண் ஆர்559. டூரிஸ்ட் பஸ்களெல்லாம் கடிகாரம் சுற்றும் திசையில் போகின்றன, நீங்களும் அப்படியே போங்கள். எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடமில்லை. வென்ட்ரி தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. ஃபாஹனில் தேன்கூடு மாதிரி அடுக்கிய பழைய கல் குடில்களைப் பார்த்தோம். கொஞ்ச தூரத்தில் ஓர் ஓடை சாலைக்கு மேலேயே ஓடுகிறது, அதைத் தாண்டியபோது மகனுக்குக் கொண்டாட்டம். அதற்கப்புறம்தான் சாலை சுருங்கியது. வலது பக்கம் பாறை, இடது பக்கம் இடுப்பளவு கல் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் நேராக அட்லாண்டிக். நம் ஊர் மலைப்பாதையில் ஹாரன் அடித்தாவது எச்சரிக்கலாம். இங்கே யாரும் அடிப்பதில்லை, வளைவில் திடீரென்று முன்னால் நிற்கிறார்கள். எதிரே ஒரு வேன் வந்தது. சுவரோரம் ஒதுங்கினேன். சுவரடியில் துருத்திக்கொண்டிருந்த கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்த சத்தம் வண்டிக்குள் எல்லோருக்கும் கேட்டது. சின்ன வண்டியாக இருந்திருந்தால் அந்த ஒரு சாண் மிஞ்சியிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கொஞ்சம் அகலமான இடம் வரை உருட்டிக்கொண்டு போய் டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை. ஒரு பாட்டில் பசையும் குட்டி கம்ப்ரஸரும் இருந்தன. அந்தப் பசை ஆணி குத்திய ஓட்டைக்குத்தான் உதவும், பக்கவாட்டுக் கிழிசலுக்கு ஒன்றுக்கும் ஆகாது. போனில் ஒரே ஒரு கோடு சிக்னல். உதவி எண்ணில் வந்த பெண் முதலில் சொன்னது: உங்கள் கவரில் ரோட்டோர உதவி சேராது, அது தனி. இரண்டாவது: டயர், ரிம், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் எதுவுமே அதில் சேராது. அந்தச் சாலையில் வேறு என்னதான் உடையும்? கற்சுவரும் முட்புதரும் உள்ள ஊரில் டயரும் பக்கக் கண்ணாடியும்தான் போகும். அதை விட்டுவிட்டு ஃபுல் கவர்!

எங்கே நிற்கிறோம் என்று சொல்வது அடுத்த பாடு. அந்தப் பகுதி ஐரிஷ் மொழி பேசும் பகுதி, பெயர்ப்பலகைகள் ஐரிஷில் மட்டுமே. ஸ்லே ஹெட்டுக்குப் பலகையில் உள்ள பெயர் ‘கியான் ஷ்லேவ’. நான் எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவள் எங்கேயோ உட்கார்ந்து அதைத் தேட, பத்து நிமிடம் போனது. கடைசியில் என் கணவர்தான் மேப்பில் இருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் படித்துச் சொன்னார். நீங்கள் அதையே முதலில் செய்யுங்கள்.

மூன்று மணிநேரம் காத்திருந்தோம். எதிரே கடலில் கிரேட் பிளாஸ்கெட் தீவு. குளிர்காலத்தில் படகுகூடப் போக முடியாமல், மிஞ்சியிருந்த கொஞ்சம் பேரையும் 1953இல் அரசாங்கம் கரைக்கு மாற்றிய தீவு அது. அத்தை ஃப்ளாஸ்க் டீயைக் குடித்துக்கொண்டே, “அவங்களாவது தெரிஞ்சுதான் அங்கே இருந்தாங்க” என்றார். அன்றைக்கு எனக்கு வந்த ஒரே சிரிப்பு அதற்குத்தான்.

இழுவை வண்டிக்காரர் வயதானவர், தங்கமான மனிதர். இந்த ரோட்டில் டயர் போவது தனக்குத் தினப்படி வேலை என்றார். ஞாயிறு என்பதால் டயர் கடை இல்லை. திங்கள் மதியம்தான் வண்டி கைக்கு வந்தது. இழுவைக்கு 210, டயருக்கு 185. வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது ‘நிர்வாகக் கட்டணம்’ என்று வாடகை நிறுவனம் இன்னொரு 45 எடுத்துக்கொண்டது. டயரை மாற்றியதே நான், இவர்கள் எதை நிர்வாகம் செய்தார்கள் என்று தெரியவில்லை. சுற்றின் மீதியைத் திங்கள் மாலை போய்ப் பார்த்தோம். டன்குவின் பக்கம், ஆள் மல்லாந்து படுத்திருப்பது போலவே ஒரு தீவு தெரியும், விட்டுவிடாதீர்கள். மறுநாள் கோனர் பாஸ் ஏறவேண்டும் என்று கணவர் ஆசைப்பட்டார். 2 டன்னுக்கு மேல் உள்ள வண்டிகளுக்கே அனுமதி இல்லாத மலைச்சாலை. சாவியை அவரிடம் நீட்டினேன். பேச்சை மாற்றிவிட்டார்.

கவுண்டர் பையன் செல்லாது என்று ஒதுக்கினானே, அந்த 38 யூரோ பாலிசி டயருக்கும் இழுவைக்குமான 395 யூரோவையும் நான்கு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டது. 192க்கு வாங்கிய ஃபுல் கவரில் ஒரு சென்ட் வரவில்லை, அந்த 45உம் வரவில்லை. எடுக்கும் முன் உங்கள் பாலிசியில் டயர், கண்ணாடி, அடிப்பாகம் என்ற மூன்று வார்த்தைகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இழுவைக்காரரிடமும் டயர் கடையிலும் தனித்தனி ரசீது வாங்குங்கள், என்னிடம் கேட்டது அவைதான். கிளெய்முக்கு நான் எழுதிய கடிதம் இருக்கிறது, வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.