செட்டிநாட்டுத் தெருவுக்கு எந்த சைக்கிள் பெல், ஹேண்டிலில் எந்த இடம்?

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் சைக்கிள் கடையில் பெல் கேட்டால் மூன்று நான்கு வகை எடுத்துப் போடுவார்கள். கட்டைவிரலால் தள்ளினால் ‘கிர்ரிங் கிர்ரிங்’ என்று உருளும் பழைய இரும்பு பெல். விரலால் சுண்டினால் ஒரே ஒரு ‘டிங்’ சொல்லும் சின்ன பெல். உள்ளங்கை அகல ‘டிங் டாங்’. பேட்டரி ஹாரன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: இந்த ஊர்களுக்கு நூறு ரூபாய்க்குள் முடிகிற அந்தப் பழைய இரும்பு பெல்தான் பொருத்தம். ஆனால் கடையில் அவசரத்தில் மாட்டித் தருகிற இடம் பெரும்பாலும் தவறு. ஹேண்டிலின் நடுவே, அதைத் தாங்கிப் பிடிக்கிற ஸ்டெம் என்ற தண்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும் அருமையான பெல்லைவிடக் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருக்கும் சுமாரான பெல் எவ்வளவோ மேல்.

இடத்துக்கு இங்கே ஏன் இத்தனை முக்கியத்துவம் என்றால், தெருக்களின் அமைப்பு அப்படி. நகரத்தார் வீடு ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும். இரண்டு தெருவையும் சேர்க்கிற குறுக்குச் சந்தில் இருபுறமும் ஆளுயரத்தைத் தாண்டிய சுவர்தான். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் எதை எடுத்தாலும் இதே கதை. சந்து முடியும் முக்கில் முன்சக்கரம் வெளியே எட்டிப் பார்த்த பிறகுதான் குறுக்கே வருகிற வண்டி கண்ணில் படும். அந்த இடத்தில் பெல்லும் பிரேக்கும் ஒரே நேரத்தில் வேண்டும். பெல்லுக்காகக் கையை கிரிப்பிலிருந்து எடுத்தால், எடுத்த நொடியில் ஒரு பிரேக் போயிற்று.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க அளவுகோல் வேண்டாம். சீட்டில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்தபடி, கிரிப்பை வழக்கமாகப் பிடிக்கிற மாதிரி பிடியுங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிரேக் லீவர் மேல் இருக்கட்டும். உள்ளங்கையை நகர்த்தாமல் கட்டைவிரலை மட்டும் உள்பக்கமாக நீட்டுங்கள். நுனி தொடுகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. பெரியவர்களுக்கு அது கிரிப் முடிகிற இடத்திலிருந்து 2 முதல் 3 செ.மீ. தள்ளி வரும், பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் குறையும். பெல்லின் லீவர் நுனி அந்தக் கோட்டின் மேல் வர வேண்டும். பலர் பெல்லின் கிளாம்ப்பை, அதாவது குழாயைச் சுற்றிக் கவ்வுகிற பட்டையை, கோட்டில் வைத்துவிடுகிறார்கள். அப்போது லீவர் இன்னொரு 2 செ.மீ. உள்ளே தள்ளிப் போகும், கட்டைவிரல் காற்றைத் தடவும்.

இடதா வலதா என்ற கேள்விக்குக் கடைக்காரர்கள் வலது என்பார்கள். வழக்கம் அப்படி. இடதுதான் சரி என்பது எங்கள் கட்சி. வலப்பக்கம் திரும்பும்போது வலது கையை நீட்டிக் காட்டுகிறோம். எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்கிற அந்தத் திருப்பத்தில் ஹேண்டிலில் மிஞ்சி இருப்பது இடது கை மட்டுமே. நம் ஊர் சைக்கிள்களில் வழக்கமாக வலது லீவர் முன் பிரேக், இடது லீவர் பின் பிரேக். பெல்லைத் தள்ளும்போது இடது பிடி சற்றுத் தளர்ந்தாலும் வலுவான முன் பிரேக் முழுதாகக் கையில் இருக்கும். கியர் சைக்கிளில் வலது கட்டைவிரலுக்குப் பின் கியரை மாற்றுகிற வேலை ஏற்கெனவே உண்டு. இவற்றைவிடப் பெரிய காரணம், சந்தை நாளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது. எல்லாரும் வண்டியின் இடப்பக்கம் நின்றுதான் தள்ளுகிறோம். கேரியரில் மூட்டை இருந்தால் வலது கை மூட்டையை அணைத்திருக்கும், ஹேண்டிலில் இடது கை மட்டும். பெல் வலப்பக்கம் இருந்தால் கூட்டத்தில் ‘ஓரம், ஓரம்’ என்று தொண்டைதான் வற்றும்.

ஒரு சிக்கல் உண்டு. பழைய இரும்பு பெல்களில் பல, வலது கட்டைவிரலுக்கு என்றே செய்தவை. இடப்பக்கம் மாட்டினால் லீவரைத் தள்ளுவதற்குப் பதில் நுனியால் இழுக்க வேண்டி வரும். வாங்கும்போதே ஹேண்டில் மேல் வைத்து, இடது கட்டைவிரலால் வெளிப்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். எதிர்த்து வந்தால் வேறு பெல் கேளுங்கள். கிடைக்கவே இல்லை என்றால் வலப்பக்கமே இருக்கட்டும். விரல் வளைந்து இழுக்கிற பெல் அவசரத்துக்கு உதவாது.

கம்பி பிரேக் வைத்த பெரிய சைக்கிளுக்குத் தனிக் கவனம் வேண்டும். 1949இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிய முருகப்பா குடும்பத்துக்குப் பூர்வீகம் பள்ளத்தூர். அந்தப் பாசமோ, வண்டியின் உறுதியோ, அவர்களின் ஹெர்குலஸ் சைக்கிள் இன்னும் பல வீட்டு முகப்பில் சாய்ந்து நிற்கிறது. இந்த வண்டிகளில் பிரேக் கம்பி ஹேண்டிலின் அடியிலேயே ஒட்டி ஓடும். பெல் கிளாம்ப் அந்தக் கம்பியையும் சேர்த்துக் கவ்விவிட்டால் பிரேக் பிடித்தபின் திரும்பாது, அல்லது பிடிக்கவே பிடிக்காது. பெல்லை மாட்டிய கையோடு பிரேக் லீவரைப் பத்து முறை அழுத்தி விடுங்கள். கம்பி தடையில்லாமல் எழுந்து இறங்க வேண்டும். கிளாம்ப்பின் போல்ட் தலை அடியில் நீட்டிக்கொண்டு கம்பியில் உரசுவதும் உண்டு. அப்போது கிளாம்ப்பைக் கொஞ்சம் சுழற்றி, போல்ட் முன்பக்கம் வருகிற மாதிரி வையுங்கள்.

கேபிள் பிரேக் வண்டிகளில் எதிரி கேபிள்தான். லீவரிலிருந்து புறப்பட்டு வளைந்து உள்ளே வருகிற கேபிள் உறை பெல் மூடியைத் தொட்டால் ஒலி செத்துவிடும். ‘டிங்’ என்பது ‘டக்’ ஆகும். பெல்லைச் சற்று முன்பக்கம் சாய்த்தால் போதும், விலகிவிடும். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கிற விலையில்லா மிதிவண்டியில், குறிப்பாக மாணவியர் வண்டியில், முன்கூடை கூடுதல் தொல்லை. நடுவில் மாட்டிய பெல்லின் மேல் புத்தகப் பையின் வார் வந்து படியும். அதை கிரிப் ஓரமாக நகர்த்த ஒரு ஸ்குரூ டிரைவரும் ஐந்து நிமிடமும் போதும். பிள்ளை வண்டியை எடுக்கும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது.

இனி குழாயின் பருமன். கிரிப் பக்கம் ஹேண்டில் குழாய் 22.2 மி.மீ.; சாதாரண பெல்கள் எல்லாம் அதற்கானவை. ஸ்டெம் பிடிக்கிற நடுப்பகுதி வண்டியைப் பொறுத்து 25.4 அல்லது 31.8 மி.மீ. வரை பருக்கும். புதுவகை வண்டியில் கடைக்காரர் பெல்லை நடுவில் மாட்டப் பார்த்து, பட்டையை வளைத்து விரித்து, நீளமான போல்ட் போட்டு முடிப்பார். விரிந்த பட்டை முழுதாகக் கவ்வாது. இரண்டு பருமனுக்கும் இடையிலான சரிவில் மாட்டினாலோ ஒவ்வொரு குலுக்கலுக்கும் மெலிந்த பக்கம் நழுவி, ஒரு வாரத்தில் தலைகீழாகத் தொங்கும். ஒரே பருமனாக உள்ள இடத்தில்தான் கிளாம்ப் நிற்கும்.

பட்டையின் இரண்டு காதுகளும் ஒன்றையொன்று தொட்ட பிறகும் பெல் சுழன்றால், அதற்கு மேல் முறுக்கிப் பயனில்லை. பழைய ட்யூப்பில் பட்டை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் குழாயைச் சுற்றி ஒரே சுற்று, அதன்மேல் கிளாம்ப். ரப்பர் வைத்தால் ஒலி குறையும் என்று சொல்வார்கள், குறையாது. மூடி நடுத் தண்டில் மட்டும் நிற்பதால், கிளாம்ப்பின் ரப்பர் அதை அடக்குவதில்லை. நட்டு M5 (5 மி.மீ. போல்ட்டுக்கானது) ஆக இருந்தால் 8 மி.மீ. ஸ்பேனர். கையால் ஓங்கித் திருப்பினால் பெல் அசையக் கூடாது. அந்த அளவு இறுக்கம் போதும். அலுமினிய கிளாம்ப்பில் மரை சீக்கிரம் போய்விடும். பிளாஸ்டிக் கிளாம்ப்பை இந்த வெயிலில் நம்பவே வேண்டாம், ஓரிரு கோடையில் வெடிக்கும்.

சாய்வு எவ்வளவு? மூடி வானத்தைப் பார்த்து நேராக நிற்பதுதான் பழக்கம், மழைத் தண்ணீரும் வழிந்துவிடும். ஆனால் பஞ்சர் கடையில் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்க்கும்போது முதலில் தரையில் படுவது அந்த மூடிதான். சொட்டை விழுந்த மூடி பிறகு உள்ளே உரசிக்கொண்டே இருக்கும். அதனால் சுமார் 45 டிகிரி முன்னால் சாய்த்து மாட்டுவது நல்லது. ஹேண்டிலுக்கு அடியில் தொங்கவிடுவதை மட்டும் செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூடி கிண்ணமாகித் தண்ணீர் பிடிக்கும். பெரிய சைக்கிளில் ஹேண்டிலை முழுதாகத் திருப்பும்போது முழங்காலிலும் இடிக்கும்.

இப்போது வகைகளுக்கு வருவோம்.

இரும்பு உருள் பெல்: மூடி 55 முதல் 60 மி.மீ. லீவரைத் தள்ளினால் பல் சக்கரம் ஒரு குறுக்குத் தகட்டைச் சுழற்றும். அதில் தளர்வாகக் கோத்த இரண்டு வாஷர்கள் சுழற்சியில் வெளியே விரிந்து மூடியின் உள்புறத்தை அடிக்கும். லீவரை விடும்போது ஸ்பிரிங் திருப்பி இழுக்க, மறுபடி ஒரு உருளல். ஒரே தள்ளலில் இரண்டு முறை நீளமாக ஒலிக்கிறது, நடுத்தரத் தொனி. வயதானவர்களுக்கு முதலில் மங்குவது கீச்சென்ற மேல் ஒலிதான். பெரிய வீட்டில் இரண்டு முதியவர்கள் மட்டும் இருக்கிற இந்த ஊர்களில் இந்தத் தொனி காதில் விழும், சின்ன பெல்லின் ‘டிங்’ நழுவிப் போகும். குறை, கப்பிச் சாலையில் வாஷர்கள் தானாகக் கிலுகிலுப்பது. அதற்கு மருந்தில்லை.

சுண்டு பெல்: சிறியது, அழகானது, பித்தளை மூடியாக இருந்தால் ஒலி நெடுநேரம் நிற்கும். கேபிள், கியர் என்று நெரிசலான ஹேண்டிலில் 2 செ.மீ. இடம் கிடைத்தாலும் உட்கார்ந்துவிடும். தைப்பூசத்துக்கு முன் பழனிப் பாதயாத்திரை போகிற நாள்களில் குன்றக்குடிப் பக்கம் சாலையில் நடக்கிறவர்களைத் திடுக்கிட வைக்காமல் ஒதுங்கச் சொல்ல இதைவிட நல்லது இல்லை. பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் எடுபடாது. சுத்தியல் மேலும் கீழும் ஆடுகிற மாதிரி மாட்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் தானாக அடிக்கும். பக்கவாட்டில் ஆடும்படி சுழற்றி வையுங்கள். சுத்தியலுக்கும் மூடிக்கும் நடுவே 1 அல்லது 2 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ஒட்டியே நின்றால் ஒலி எழாது, ஸ்பிரிங்கை மெல்ல வெளியே நெம்பிவிடலாம்.

‘டிங் டாங்’: 80 மி.மீ. மூடி, கனம். தள்ளும்போது ஒரு சுரம், விடும்போது இன்னொன்று. ஒலி கம்பீரம்தான். ஆனால் பிரேக் லீவர் பக்கத்தில் இடம் கொள்ளாது, ஆகவே நடுவுக்குப் போகும், ஆகவே கட்டைவிரலுக்கு எட்டாது. கனத்தால் கிளாம்ப்பும் தளர்ந்துகொண்டே இருக்கும். பெரிய சைக்கிளின் அகல ஹேண்டிலுக்கு மட்டும்.

பேட்டரி ஹாரனின் பட்டன் சின்னது, கிரிப் ஓரத்தில் எளிதாக நிற்கும். இடம் என்ற ஒரே கணக்கில் பார்த்தால் இதற்குத்தான் முதல் பரிசு. மழைக்குப் பின் பேட்டரி முனைகள் பச்சை பூக்கும், தேவைப்படுகிற நாளில் ஊமையாகும். ரப்பர் பந்து ஹாரனை விற்பனைக்குத் தெருத்தெருவாகப் போகிறவர்களுக்கே விட்டுவிடலாம். முழுக் கையும் அதற்கு வேண்டும். மற்றவர்கள் அதை அடித்தால் யாராவது பாத்திரத்தோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

பராமரிப்பு கொஞ்சம்தான். செம்மண் தூசி பல் சக்கரத்தில் படிந்து லீவரை இறுக்கும். மூடியைக் கழற்றி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, சக்கர அச்சில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். கிரீஸ் வேண்டாம், தூசியை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். வாஷரிலும் மூடியின் உள்புறத்திலும் எண்ணெய் படக் கூடாது. லீவர் தள்ளிய இடத்திலேயே நின்றால் ஸ்பிரிங் கொக்கியிலிருந்து விலகியிருக்கும். திரும்பக் கொக்கி விடலாம், துருவேறி உடைந்திருந்தால் புதுப் பெல். லீவர் ஓடுகிறது, ஒலி இல்லை என்றால் பல் தேய்ந்துவிட்டது, ரிப்பேருக்குச் செலவழிக்காதீர்கள். மூடியை மாட்டும்போது மரை நின்ற இடத்தோடு விடுங்கள். அடித்தட்டில் முட்டுகிற அளவு இறுக்கினால் ஒலி மந்தமாகும், தளர்வாக விட்டால் வழியில் கழன்று விழும். பள்ளிக்கூட வாசலிலும் பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டிலும் விளையாட்டுக்கு மூடியைத் திருகிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மரையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தால் வெறுங்கைக்குச் சுலபத்தில் கழலாது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் எப்போதாவது கனமான பழைய பித்தளை பெல் கண்ணில் படும். வாங்குவதானால் கிளாம்ப்போடு முழுதாக வாங்குங்கள், ஹேண்டிலில் பொருந்துகிறதா என்று 22.2 மி.மீ. குழாய்த் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பாருங்கள். மூடியை மட்டும் வாங்கி வந்து இன்றைய பெல்லின் தண்டில் திருகலாம் என்று எண்ண வேண்டாம். மரை ஒத்துப்போகும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.