பிஎஸ்ஏ கோல்டு ஸ்டார் டிபிடி34: பந்தயத்துக்கு ஓட்டியே போகலாம், ஊருக்குள் ஓட்டுவதுதான் கஷ்டம்

1950களின் இங்கிலாந்தில், வாரமெல்லாம் வேலை பார்த்துவிட்டு ஞாயிறன்று பந்தயம் ஓடியவர்களுக்கு நார்டன் மேங்ஸ் என்ற பந்தய பைக் எட்டாக்கனி. பிஎஸ்ஏ நிறுவனத்தின் கோல்டு ஸ்டார் பைக் அப்படியில்லை. திடலுக்கு அதிலேயே போய், ஹெட்லைட்டைக் கழற்றி, ஆயில் போல்ட்டுகள் கழன்றுவிடாதபடி துளையிட்டுக் கம்பி முறுக்கி, பந்தயம் ஓடிவிட்டு, அதிலேயே வீடு திரும்பலாம். ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த கிளப்மன்ஸ் டிடி பந்தயத்தின் 350 சிசி பிரிவில் 1949 முதல் 1956 வரை ஒவ்வோர் ஆண்டும் வென்றது கோல்டு ஸ்டார்தான். 1956இல் பெர்னார்ட் காட் என்ற வீரர் அதில் 350, 500 இரண்டு பிரிவுகளையுமே வென்றார். அந்த வரிசையின் உச்சம் 500 சிசி டிபிடி34.

85 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 88 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), ஒற்றை சிலிண்டர், வால்வுகளைத் தண்டுகளால் இயக்கும் புஷ்ராடு அமைப்பு. சுமார் 40 குதிரைத்திறன், மணிக்கு 110 மைல். எண்கள் இன்று சாதாரணம். ஆனால் கியர்கள் நெருக்கமாக அமைந்த ஆர்ஆர்டி2 பந்தய கியர்பாக்ஸோடு சேரும்போதுதான் இந்த இன்ஜினின் அருமை தெரியும். மூன்றாவது கியருக்கும் டாப்புக்கும் பத்து சதவீதமே வித்தியாசம். வளைவில் ஒரு கியர் இறக்கினாலும் ஏற்றினாலும் இன்ஜின் தன் வலுவான சுழற்சியை விட்டு விலகாது. அதற்கு விலை முதல் கியர்: அதிலேயே மணிக்கு 60 மைல் வரை போகும். ஆகவே ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்சை நழுவவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். போக்குவரத்து நெரிசலில் கிளட்ச் தட்டுகள் கருகிவிடும்.

அமால் ஜிபி கார்புரேட்டர் ஒன்றரை அங்குலம். ஐடிலில் நிற்காது, ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கார்புரேட்டருக்கான பெட்ரோலைத் தேக்கிவைக்கும், தனியாக இருக்கும் ஃப்ளோட் சேம்பரின் உயரம்தான் முக்கியம். மேலே ஏறினால் பெட்ரோல் வழியும். கீழே இறங்கினால் முழு வேகத்தில் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் ஓட்டையாகும். அந்தச் சேம்பரின் ரப்பர் தாங்கி இற்றுப்போனாலும் அதே கதிதான், அதிர்வில் பெட்ரோல் நுரைத்துவிடும். பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றுமுன் இதைப் பாருங்கள்.

நிறுத்தி வைத்த பைக்கில் ஆயில் டேங்கிலுள்ள ஆயில் மெல்ல இறங்கி இன்ஜினின் அடியிலுள்ள கிராங்க் கேஸில் தேங்கும். கிக்கர் கனத்து, ஸ்டார்ட் ஆனதும் புகை கக்கினால் காரணம் ஆயில் வழியிலுள்ள குண்டு வால்வு சரியாக உட்காராததே. வடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், பிறகு வால்வு இருக்கையைச் சீர்செய்யுங்கள். ஆயில் குழாயில் திறந்து மூடும் திருகு வைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம்: ஒருநாள் திறக்க மறந்தால் இன்ஜின் போச்சு. பந்தயத்துக்கு ஆமணக்கு ஆயில் ஊற்றினால், மினரல் ஆயிலோடு கலக்காமல் முழுதாகக் கழுவி ஊற்ற வேண்டும்.

குளிர்ந்த நிலையில் ஒரே உதையில் கிளம்பி, சூடானபின் அடம்பிடித்தால் கார்புரேட்டரை நோண்ட வேண்டாம். பெரும்பாலும் ஸ்பார்க்குக்கான மின்சாரம் தரும் மேக்னெட்டோவுக்குள் இருக்கும் கண்டன்சர் பழுது. சூட்டில் ஸ்பார்க் பலவீனமாகிவிடும்.

வாங்குபவர் முதலில் குனிந்து ஃப்ரேமைப் பார்க்க வேண்டும். வலப்பக்கக் கீழ்க்குழாயில், ஆயில் பம்புக்கு இடம்விட ஒரு வளைவு இருக்கும். பிஎஸ்ஏவின் சாதாரண சாலை பைக்குகளான பி31, பி33 ஃப்ரேமில் அது இருக்காது. அவற்றை மாற்றி கோல்டு ஸ்டார் என்று விற்பவர்கள் உண்டு. இன்ஜின் எண் டிபிடி34ஜிஎஸ் என்று தொடங்கும், ஃப்ரேம் எண் சிபி32 என்று தொடங்கும். 32 என்பது 350 சிசி மாடலின் எண்ணாயிற்றே, 500 சிசி பைக்கில் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், இரண்டு அளவுக்கும் ஒரே ஃப்ரேம்தான்.