சிண்டர் டிராக்கா, வைக்கிங் டிரெயிலா?

இங்கிலாந்துக் கடலோரத்தில் ஒரு நாள் சைக்கிள் மிதிக்க எது தோது?

யார்க்‌ஷயரின் சிண்டர் டிராக் ஸ்கார்பரோவிலிருந்து விட்பி வரை சுமார் 35 கி.மீ. 1965இல் மூடப்பட்ட ரயில் தடம் என்பதால் செங்குத்தான ஏற்றம் கிடையாது. ஆனால் ராவன்ஸ்கார் வரை விடாமல் ஏறவேண்டும். அங்கிருந்து ராபின் ஹூட்ஸ் பே விரிகுடாவைப் பார்த்தால் கால்வலி மறந்துவிடும். அப்புறம் விட்பிக்கு முன்னால், எஸ்க் ஆற்றின் மேலே 13 வளைவுகள் கொண்ட செங்கல் பாலம். தரை கரடுமுரடு, மழை பெய்தால் சேறு. மெல்லிய டயர் வேண்டவே வேண்டாம்.

கென்ட்டின் வைக்கிங் கோஸ்டல் டிரெயில் சுமார் 50 கி.மீ. வட்டம், பெரும்பாலும் சமதளம். எதிர்க்காற்றுதான் அங்கே ஏற்றம்! மார்கேட், பிராட்ஸ்டேர்ஸ், ராம்ஸ்கேட் எங்கும் ரயில் உண்டு, களைத்தால் ஏறிவிடலாம். குழந்தைகளோடு என்றால் இதுதான் சரி. தனியாக என்றால் நான் யார்க்‌ஷயருக்கே போவேன்.