டெலூரியன் வாங்கலாமா? டர்பன் தமிழ் வகுப்புகளுக்கு ஒரு மதிப்புரை

நடுவில் விளக்கு, 30 செ.மீ. நீளக் கை, அதன் நுனியில் 10 செ.மீ. பூமி உருண்டை, இரண்டு கப்பிகளை இணைக்கும் ரப்பர் பெல்ட். பூமி சூரியனைச் சுற்றுவதைக் காட்ட டெலூரியன் என்று விற்கும் மாதிரிப் பொறி இவ்வளவுதான்; விளக்குதான் சூரியன். பூமியின் தட்பவெப்பம் இயற்கையாக மாறிவந்த கதையைக் கண்ணெதிரே காட்ட இது அருமையான கருவி. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே மேசையில் வைத்தால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தவறான பாடத்தையே சொல்லும்.

குறை அடித்தட்டில் இருக்கிறது. பாதையை முட்டை வடிவில் வரைந்து, டிசம்பர் பக்கம் ‘குளிர்காலம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்கா பூமியின் தென்பாதியில் உள்ளதால் நமக்கு அது கோடை; இங்கே தைப்பூசக் காவடி எடுப்பவர்கள் கால் சுடும் வெயிலில் நடக்கிறார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகே வருவதும் ஜனவரி முதல் வாரத்தில்தான். முட்டைப் படத்தைப் பார்க்கும் பிள்ளை, ‘அருகே வருவதால்தான் கோடை’ என்று முடிவுகட்டிவிடும். அப்படியென்றால் அதே ஜனவரியில் வட இந்தியா ஏன் நடுங்குகிறது? கோடைக்குக் காரணம் அச்சின் சாய்வு. அடித்தட்டின்மேல் காகிதம் ஒட்டி, நம் பருவங்களை எழுதிவிடுங்கள்.

உண்மையான பாதை கிட்டத்தட்ட வட்டமே. பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவான மையப்பிறழ்வு இன்று 0.0167, இந்த அளவுப் பொறியில் விளக்கை ஜனவரிப் பக்கமாக 5 மி.மீ. நகர்த்தினால் போதும். அருகே 29.5, தொலைவில் 30.5 செ.மீ. வரும். இரண்டு இடத்திலும் கைபேசியின் ஒளிமானியை விளக்கை நோக்கிப் பிடித்தால் சுமார் 7% வித்தியாசம் தெரியும். சூரிய ஒளியிலும் இதே வித்தியாசம்தான். லட்சம் ஆண்டுக் கணக்கில் மையப்பிறழ்வு 0.06 வரை ஏறக்கூடியது. அதற்கு விளக்கை 18 மி.மீ. நகர்த்த வேண்டும்.

அடுத்தது பெல்ட். இரண்டு கப்பிகளும் ஒரே அளவாக இருப்பதால்தான், கை சுற்றினாலும் வடதுருவம் எப்போதும் ஒரே சுவரைப் பார்த்து நிற்கிறது. விளக்கின் சூட்டில் ரப்பர் தளர்ந்து வழுக்கினால் அச்சு திரும்பிவிடும், பருவங்கள் குழம்பும். கப்பியில் வெள்ளைப் புள்ளி வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் சரிபாருங்கள். பல் வைத்த பெல்ட் உள்ள வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

இந்த வழுக்கலை வேண்டுமென்றே செய்தால் அதுவே அயன சலனம், அதாவது பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லத் திசை மாறுவது! விண்மீன்களை வைத்துப் பார்த்தால் அச்சு 72 ஆண்டுக்கு ஒரு பாகை திரும்புகிறது. சூரியன் வடக்கே திரும்பும் நாள் இப்போது டிசம்பர் 21 வாக்கில். விண்மீன்களை வைத்துக் கணிக்கும் பொங்கல் ஜனவரி நடுவில். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாகவே வந்தன. இதைவிட நல்ல உதாரணம் எந்தக் கையேட்டிலும் கிடைக்காது. பெல்ட்டைத் தூக்கி உருண்டையின் கப்பியை 180 பாகை திருப்புங்கள்: ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முந்தைய நிலை அது (சூரியனுக்கு மிக அருகே வரும் இடமும் மெல்ல நகர்வதால், 72 ஆண்டுக் கணக்கில் வருவதைவிட இது குறைவு). வடக்கின் கோடை சூரியனுக்கு மிக அருகே நேர்ந்தது. மழைக்காற்று வலுத்து, சகாராவில் புல்லும் ஏரிகளும் இருந்தன.

சாய்வு 22.1 முதல் 24.5 பாகை வரை 41,000 ஆண்டுகளில் ஒருமுறை ஆடி வருவதை மட்டும் இதில் காட்ட இயலாது. முழு ஆட்டத்துக்கும் துருவம் 2 மி.மீ.தான் நகரும், அச்சாக உள்ள ஊசியும் அசையாதபடி பொருத்தப்பட்டிருக்கிறது. எரிமலை, சூரியப் புள்ளிகள், கண்டங்களின் நகர்வு ஆகியவற்றுக்கும் இதில் இடமில்லை. டர்பனைச் சுற்றிக் கிடக்கும் ட்வைகா பாறையை, சுமார் 30 கோடி ஆண்டுக்கு முந்தைய பனியாறு விட்டுப்போனதை, ஒரு துண்டு பக்கத்தில் வைத்தால் கண்டங்களின் கதையையும் தொடங்கலாம்.

‘இப்போதைய வெப்பமும் இதனால்தானா?’ என்று யாராவது கேட்பார்கள். கப்பியை 150 ஆண்டுக்கு உரிய அளவு திருப்பிக் காட்டுங்கள்: இரண்டு, மூன்று பாகைதான். இந்த வேகத்தால் அந்த வெப்பத்தை விளக்கவே முடியாது.

இரட்டைமுனைப் பிளக்கோடு வரும் வகை நம் சுவர்களில் உள்ள பருத்த மும்முனைச் சாக்கெட்டில் நேரடியாகப் பொருந்தாது. பேட்டரி விளக்குள்ளதே நல்லது, மின்வெட்டு வந்தாலும் வகுப்பு நிற்காது. எடுத்து வைக்கும்போது பெல்ட்டைக் கழற்றி வையுங்கள். இழுபட்டே கிடந்தால் சீக்கிரமே வழுக்கத் தொடங்கும்.