தீம் பார்க் கிளப் மெம்பர்ஷிப்: 2,06,500 ரூபாய் கட்டிய கதை

கும்பகோணத்தில் பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் அப்பாவோடு கல்யாணச் சமையல் காண்ட்ராக்டில் பதினேழு வருஷம் பந்தி மேற்பார்வை பார்த்தவன். ஒரு கூடத்துக்குள் நுழைந்தால் எத்தனை இலை, பரிமாற எத்தனை ஆள் என்று கண் தானாகக் கணக்குப் போட்டுவிடும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டும் ஏமாந்தேன். பூங்காவின் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு நிலுவையில் இருக்கிறது, பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொன்னார். டெல்டாவுக்குள்தான் இருக்கிறது, அது போதும்.

போன மாசியில் ஆரம்பித்தது. சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் வங்கியில் ஏறுகிற சமயம். இந்தச் சமயம் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்கு உறைக்க நாளானது. மெம்பர்ஷிப் விற்க அவர்கள் கூட்டிய ஓட்டல் ஹாலில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் திருவிடைமருதூர், பாபநாசம் பக்கத்து விவசாயிகள்.

ஒரு கடை வாசலில் கண்ணாடிப் பெட்டியும் கூப்பனும் வைத்திருந்தார்கள். என் மனைவி பெயரும் போன் நம்பரும் எழுதிப் போட்டாள். பத்து நாள் கழித்துப் போன். ‘மேடம், உங்களுக்கு கிஃப்ட் விழுந்திருக்கு. சாரும் நீங்களும் சேர்ந்து வந்தாத்தான் கொடுப்பாங்க.’ ஏன் சேர்ந்து வர வேண்டும் என்று அப்போதே யோசித்திருக்கலாம். ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று யாரும் நழுவக் கூடாதல்லவா, அதற்குத்தான். கிஃப்ட் என்னவென்றால் ஹாட்பாக்ஸ் செட். பாத்திரக் கடைக்காரனுக்கு ஹாட்பாக்ஸ்!

ஹாலில் பாட்டை அலற விட்டிருந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை தனியாகப் பேசிக்கொள்ள முடியாது. மேஜைக்கு ஒரு பையன். நடுநடுவே யாரோ மைக்கில் ‘மாயவரம் ஃபேமிலி ஜாயின் பண்ணிட்டாங்க!’ என்பார், எல்லோரும் கைதட்டுவார்கள். எங்கள் மேஜைப் பையன் நல்ல பேச்சுக்காரன். அவன் அவிழ்த்த முதல் மூட்டையே அமெரிக்காவிலிருந்துதான். ‘டிஸ்னிலேண்டுக்குள்ள கிளப் 33னு ஒண்ணு இருக்கு அங்கிள். வாசல்ல போர்டுகூடப் பெருசா இருக்காது. பணம் இருந்தாலும் உடனே உள்ள போக முடியாது, வருஷக்கணக்கா வெயிட்டிங். அதே மாடல்தான் நம்மளுது.’

வீட்டுக்கு வந்து பார்த்தேன். கிளப் 33 பற்றி அவன் சொன்னது நிஜம்தான். கலிபோர்னியாவின் அனஹைமில் 1967-ல் திறந்தது. திட்டம் போட்ட வால்ட் டிஸ்னி அதற்குச் சில மாதம் முன்பு, 1966 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். ராயல் ஸ்ட்ரீட், 33 என்ற விலாசத்திலிருந்து பெயர் வந்தது என்பார்கள். டோக்கியோவிலும் ஷாங்காயிலும்கூட ஒன்று உண்டு. பையன் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தப் பூங்காக்களில் வேலைக்குச் சேர்கிறவர்களுக்குச் சொல்லித்தரும் பாடத்தில் ஒரு வரிசை உண்டாம். முதலில் பாதுகாப்பு, அடுத்து மரியாதை, அதற்கப்புறம்தான் பார்வைக்கு அழகு, வேகம் எல்லாம். இந்த வரிசை எனக்குப் பிறகு நிறைய ஞாபகம் வந்தது.

எங்களுக்கு விற்றது ஐந்து வருஷத் திட்டம். 1,75,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 31,500, ஆக 2,06,500. தனி கேட், ரைடுகளுக்கு வரிசை கிடையாது, அலைக்குளத்தைப் பார்த்த மாதிரி மாடியில் ஏசி லவுஞ்ச், நான்கு மேஜைக்கு ஒரு பணியாள், ஞாயிறு தலைவாழை விருந்து இலவசம், எதற்கும் கூப்பிட நமக்கென்று ஒரு ரிலேஷன்ஷிப் மேனேஜர். ‘இந்த ரேட் இன்னைக்கு மட்டும்தான் அங்கிள்.’ 56,500 ரூபாயை கார்டில் தேய்த்தார்கள். மீதி ஒன்றரை லட்சத்துக்கு என் போனிலேயே ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி லோன் போட்டுக்கொடுத்தார்கள், மாதம் 10,000 வீதம் பதினைந்து தவணை. ஓடிபி சொன்னது நான்தான். யாரையும் குறை சொல்ல முடியாது.

மே மாதம் முதல் தடவை போனோம். எங்கள் பக்கம் மேயில் ஆற்றில் மணல்தான் கிடக்கும். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்து, அது கல்லணைக்கு வந்து, அங்கிருந்து பிரித்துவிட்டால்தான் தண்ணீர். நாங்கள் எல்லாம் அரசலாற்றில் நீச்சல் கற்றவர்கள். பெங்களூரில் வளர்கிற பேரனுக்கு அதுவும் இல்லை. லீவில் வருகிற பிள்ளைகளுக்குத் தண்ணீரென்றால் இந்த மாதிரி பூங்காதான். நான், மனைவி, மகள், மாப்பிள்ளை, பேரன், திருவாரூரிலிருந்து அக்காவும் அத்தானும், மொத்தம் ஏழு பேர்.

தனி கேட்டில் சங்கிலி. பொது கேட்டில் முக்கால் மணி நேரம் நின்று போனோம். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை, கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

லவுஞ்சில் பதினான்கு மேஜை. தலையை எண்ணினேன், நாற்பத்தாறு பேர். ஆள் இரண்டே பேர். வரவேற்பில் ஒரு பெண், பில்லும் அவள்தான் போடுகிறாள். பரிமாற ஒரு பையன், தோளை விட்டு வழிகிற கோட்டு, இடுப்பில் ஊக்குக் குத்தி இறுக்கியிருந்தது. எங்கள் பந்தியில் நூறு இலைக்குப் பரிமாற மட்டும் பன்னிரண்டு பேர் வைப்போம். தண்ணீருக்குத் தனி ஆள், சாதத்துக்குத் தனி ஆள். அப்படியும் கடைசி வரிசையில் யாராவது ‘ரசம் இன்னும் வரலை’ என்று குரல் கொடுப்பார்கள். இங்கே ஒருவனே எல்லாம்.

இலை போட்டான். நுனி எங்களுக்கு வலது கைப் பக்கம் இருந்தது. அக்கா சத்தம் போடாமல் ஏழு இலையையும் திருப்பிப் போட்டாள். காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு இலையை எப்படிப் போடுவது என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. கூட்டு வரும்போது பாதிப்பேர் சாம்பார் சாதத்தை முடித்திருந்தோம். அப்பளம் மோர் சாதத்துக்கு வந்தது. இதையெல்லாம் நான் பெரிய குற்றமாகச் சொல்லவில்லை. பசிக்குச் சாப்பிட்டோம், முடிந்தது.

அந்தச் சாப்பாடும் இலவசம் இல்லை. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 15 வரை ‘பிளாக்அவுட்’, அதாவது இலவசம் செல்லாத நாட்கள் என்றாள் அந்தப் பெண். இலைக்கு 650, பேரனுக்கும் முழு இலைக் கணக்கு, ஆக 4,550. அதற்கு மேல் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 455. அதற்கும் சேர்த்து ஜிஎஸ்டி. சர்வீஸ் சார்ஜைக் கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் போட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரிதான் என்றது. ‘எடுத்துவிடும்மா’ என்றால் ‘சிஸ்டம்ல வர்றது சார்’ என்கிறாள். அந்தக் காசு உனக்கு வருமா என்று பையனைக் கேட்டேன். சிரித்தான். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பையன், கேட்டரிங் படிக்கிறான், காலேஜிலிருந்து ட்ரெயினிங்குக்கு அனுப்பியிருக்கிறார்கள். சாப்பாடு, தங்க இடம், கைச்செலவுக்குக் கொஞ்சம். அவ்வளவுதான் அவன் சம்பளம்.

இது வரைக்கும் என்றால் பணம் போனது என்று விட்டிருப்பேன்.

மூன்றரை மணிக்குக் காபி சொன்னேன். மாப்பிள்ளையும் பேரனும் கீழே அலைக்குளத்தில். கண்ணாடி வழியாகப் பார்த்தால் குளம் முழுக்கத் தெரியும், தலை தலையாகக் கூட்டம். கும்பகோணம் டிகிரி காபி என்று அட்டையில் போட்டிருந்தது. பித்தளை டபராவில் பாக்கெட் பவுடர் காபி வந்தது. அதை விடுங்கள். கொண்டுவந்தவன் வேறு பையன். கோட்டு இல்லை. முழங்கால் வரை பேண்ட் நனைந்திருந்தது. அவன் நடந்து வந்த வழியெல்லாம் கிரானைட் தரையில் ஈரக்கால் தடம். கழுத்தில் கயிறு, கயிற்றில் சிவப்பு விசில்.

‘தம்பி, நீ குளத்துக்கிட்டதானே நிக்கணும்?’

‘ஆமா சார். மேல கிளப்ல ஆள் பத்தலைன்னு வாக்கிடாக்கில கூப்பிட்டாங்க. அஞ்சு நிமிஷம், இறங்கிடுவேன்.’

எட்டிப் பார்த்தேன். குளத்தோரம் அந்த உயர நாற்காலி காலியாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சைரன் ஊதியது, அலை விடப் போகிறார்கள். கீழே ஜனங்கள் ‘ஓ’ என்று கத்திக்கொண்டு ஆழமான பக்கம் நகர்கிறார்கள். நான் காபியை வைத்துவிட்டு ஓடினேன். தண்ணீரில் மூழ்குகிறவன் கூப்பாடு போட மாட்டான். ஆற்றங்கரைக்காரர்களுக்குத் தெரியும், அது சத்தமில்லாமல் நடக்கிற விஷயம். அந்தக் கூச்சலில் யார் கண்ணுக்கும் படாது. அதற்காகத்தான் ஒருவனை வேறு வேலை எதுவும் கொடுக்காமல் நாற்காலியில் ஏற்றி உட்கார வைப்பது.

ஒன்றும் ஆகவில்லை. பேரன் மாப்பிள்ளை தோளில் இருந்தான், என்னைப் பார்த்துக் கையாட்டினான். ஆனால் அந்த ஐந்து நிமிஷம் குளத்தில் இருந்த அத்தனை பேருக்கும் காவல் இல்லாமல் போனது என் காபிக்காக. தனி கவனிப்பு என்று இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு, கவனிக்க ஆள் போடாமல், டிக்கெட் எடுத்து வந்த ஜனத்தின் உயிருக்கு நிறுத்தி வைத்த ஆளைத் தூக்கி எங்களுக்கு டபரா ஏந்த விட்டிருக்கிறார்கள்.

மேனேஜரைத் தேடிப் பிடித்தேன். ‘சீசன் சார், பசங்க லீவுல ஊருக்குப் போயிட்டாங்க’ என்றார். சீசனில்தானே ஆள் வேண்டும்? முகூர்த்தம் அதிகமுள்ள மாதத்தில் பரிமாற ஆளில்லை என்று எங்கள் தொழிலில் சொல்ல முடியுமா? ‘நான்கு மேஜைக்கு ஒருத்தர்னு சொன்னீங்களே’ என்றால், அதைச் சொன்னது மார்க்கெட்டிங் கம்பெனியாம், அது வேறு, இவர்கள் வேறு. அவர்களுக்கு விற்ற கணக்கில் கமிஷன். எங்கள் ரிலேஷன்ஷிப் மேனேஜரின் போன் அன்று முதல் ஸ்விட்ச்டு ஆஃப்.

ஒப்பந்தத்தை அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். பன்னிரண்டு பக்கம். ‘சேவைகள் பணியாளர் இருப்பைப் பொறுத்தவை’ என்று ஒரு வரி. பத்து நாளுக்குள் ரத்து செய்தால் பணம் திரும்பும் என்று இன்னொரு வரி, கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து எண்ண வேண்டுமாம். அந்த ஒப்பந்தம் கூரியரில் என் கைக்கு வந்தது பதினான்காம் நாள்.

1915-க்குப் போன் செய்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசினார்கள், புகாரைப் பதிந்தார்கள். அதற்குப் பூங்காவிலிருந்து வந்த பதில், இன்னும் 60,000 கட்டினால் மேல் திட்டத்துக்கு மாற்றித் தருவார்களாம். அதன் பிறகுதான் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. வெளியூர் நீதிமன்றத்தில்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அதற்குமேல் தள்ளிப்போட்டால் ஏன் தாமதம் என்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். மாதாமாதம் ஐந்தாம் தேதி 10,000 போய்க்கொண்டுதான் இருக்கிறது. நிறுத்தினால் சிபில் கெடும், கடைக்கு நாளைக்கு லோன் கிடைக்காது.

இப்படி ஒன்றில் சேரலாமா என்று யோசிக்கிறவர்கள், அவர்கள் வண்டி வைத்து அழைத்துப்போகும் செவ்வாய்க்கிழமையில் போகாதீர்கள். மே மாத ஞாயிறு ஒன்றில் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போய், கிளப் மாடியைப் பார்க்கும் முன் குளத்தோரத்து நாற்காலியில் ஆள் இருக்கிறாரா, அவர் கையில் தட்டு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தத்தை ஒரு ராத்திரி வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்க மாட்டார்கள், அப்போது எழுந்து வந்துவிடலாம். ஹாட்பாக்ஸ் வேண்டுமென்றால் என் கடைக்கு வாங்க, வாடகையில்லாமல் தருகிறேன்.

போன ஞாயிறு மகாமகக் குளம் பக்கம் போனேன். வேறொரு கடை வாசலில் அதே மாதிரி கண்ணாடிப் பெட்டி, முக்கால் பெட்டி கூப்பன் நிறைந்திருந்தது. யாரும் எடுத்துப் போய்விடாமல் பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.