ஒருமனதா, ஓட்டா? பருவநிலை மாநாடும் மாண்ட்ரியல் உடன்பாடும்

ஆளுக்கொரு தேவையோடு வரும் நாடுகள் ஒரு முடிவுக்கு வருவது எப்படி என்பதற்கு ஐ.நா. பருவநிலை மாநாடு, ஓசோனைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்பாடு ஆகிய இந்த இரண்டையும் விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பருவநிலைப் பேச்சில் ஓட்டெடுப்பே கிடையாது. ஐ.நா. பருவநிலை ஒப்பந்தம் 1992-ல் வந்தது, ஆனால் அதன் நடைமுறை விதிகளில் ஓட்டுப் போடுவது பற்றிய 42-ம் விதிக்கு எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் முதலானவை ஒத்துக்கொள்ளாததால், இன்றுவரை ஏறக்குறைய எல்லாமே கருத்தொற்றுமையில்தான் நகர வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையைப் பாருங்கள்: 2010-ல் மெக்சிகோவின் கான்கூனில் நடந்த மாநாட்டில் பொலிவியா மட்டும் "சம்மதமில்லை" என்று நின்றது, கருத்தொற்றுமை என்றால் ஒருவர் விடாமல் சம்மதிப்பது என்று பொருளல்ல எனச் சொல்லி, தலைமை வகித்த மெக்சிகோ அமைச்சர் பத்ரீசியா எஸ்பினோசா சுத்தியலைத் தட்டி முடிவை அறிவித்துவிட்டார். 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில், கடைசி நேரத்தில் இந்தியா நிலக்கரியைப் படிப்படியாக 'ஒழிப்பது' என்றிருந்ததை 'குறைப்பது' என்று மாற்றச் சொன்னது, சீனாவும் பக்கம் நின்றது, உடனே மாறியது. சின்ன நாட்டின் மறுப்பைத் தாண்டிப் போகலாம், பெரிய நாட்டின் மறுப்பைத் தாண்ட முடியாது. இதைச் சமத்துவம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஓசோனைக் காக்க 1987-ல் வந்த மாண்ட்ரியல் உடன்பாடு வேறு மாதிரி. கட்டுப்படுத்த வேண்டியவை என்று ஏற்கெனவே பட்டியலில் உள்ள ரசாயனங்களின் கெடுவை மாற்ற முதலில் பேசிப் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு, அதிலும் வளர்ந்த நாடுகளில் பாதிக்கு மேல், வளரும் நாடுகளில் பாதிக்கு மேல் என்று தனித்தனியாக வேண்டும். எந்தத் தரப்பும் தலை எண்ணிக்கையால் மற்றதை அமுக்க முடியாது. அந்த ஓட்டு பின்னால் இருக்கிறது என்பதாலேயே கடைசி ஆளாக முறுக்கிக்கொண்டு நின்று பேரம் பேசுவதில் லாபமில்லை.

சரி, புதிய ரசாயனத்தைச் சேர்க்க இது போதாது, தனித் திருத்தம் வேண்டும். 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில், குளிரூட்டிகளில் பயன்படும் எச்.எஃப்.சி. வாயுக்களுக்காக அதற்கும் வழி கண்டார்கள்: குறைப்பை வளர்ந்த நாடுகள் 2019-ல் தொடங்குவது, சீனா உள்ளிட்டவை 2024-ல் பயன்பாட்டை மேலும் ஏறாமல் உறையவைப்பது, இந்தியாவும் வளைகுடா நாடுகளும் 2028-ல். ஆளுக்கொரு கெடு, ஆனால் ஒரே திசை. நிலக்கரியை விடக் குளிரூட்டி வாயுவுக்கு மாற்று கண்டுபிடிப்பது எளிது, அதை மறுக்கவில்லை. ஆனாலும் விதி வேலை செய்கிறது.

வேறு வழியே இல்லாதபோது மட்டும் ஓட்டு என்று 2011-லேயே பாப்புவா நியூ கினியும் மெக்சிகோவும் பருவநிலை ஒப்பந்தத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தன. அது நிறைவேறவில்லை. மாண்ட்ரியலில் உள்ளதுபோல் வளர்ந்த நாடுகள், வளரும் நாடுகள் என இரு தரப்பிலும் தனித்தனியாக வேண்டிய இரட்டைப் பெரும்பான்மையையும் சேர்த்து அதை மறுபடி எடுத்தே ஆக வேண்டும்.